உருண்டை நீண்ட கதை

1677-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஒரு ஜவுளி வியாபாரி மனைவியின் பக்கத்திலிருந்து எழுந்து நேராக மைக்ராஸ்கோப்புக்கு ஓடினார். ஆறு நாடித் துடிப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பெயர் ஆண்டனி வான் லீவன்ஹூக். கையில் என்ன கொண்டுபோனார் என்பதை விளக்க வேண்டியதில்லை. லென்ஸுக்கு அடியில் வால் முளைத்த ஜந்துக்கள் கும்பல் கும்பலாக நெளிந்தன. லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் போட்டார்: பாவ காரியம் எதுவும் செய்து இதைச் சேகரிக்கவில்லை, முறைப்படியான தாம்பத்தியத்தின் மிச்சம்தான்; படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவர்கள் கிழிக்கவில்லை, அச்சுக்கு அனுப்பினார்கள். தாம்பத்தியத்தின் இன்னொரு பங்குதாரரிடம் அபிப்பிராயம் கேட்கிற வழக்கம் அறிவியலுக்கு அப்போது வந்திருக்கவில்லை.

வம்பு அதற்குப் பிறகு ஆரம்பித்தது. அந்த ஜந்துவிலிருந்து கை, கால், முதுகெலும்போடு ஓர் ஆள் எப்படி வருகிறான்? 1694-ல் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர் என்ற இன்னொரு டச்சுக்காரர் சுலபமான வழி சொன்னார்: ஆள் ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறான். படமும் போட்டுக் காட்டினார். விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெரிய மண்டையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஹார்ட்சூக்கர் நேர்மையானவர். பார்த்தேன் என்று சொல்லவில்லை. பார்க்க முடிந்தால் ஒருவேளை இப்படி இருக்கும் என்றுதான் சொன்னார். அதற்குப் பின் வந்த பாடப்புத்தகங்கள் பல, படத்தை வைத்துக்கொண்டு 'ஒருவேளை'யை விட்டுவிட்டன.

படித்த ஐரோப்பா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. குட்டி மனிதன் விந்தணுவில் இருக்கிறான் என்பது ஒரு கட்சி, முட்டையில் இருக்கிறான் என்பது இன்னொரு கட்சி. கொள்கை ஒன்றுதான், தொகுதிதான் வேறு. முட்டைக் கட்சிக்காரர்கள் கணக்கை ஆழமாகப் போட்டார்கள். முட்டைக்குள் இருக்கும் குட்டிப் பெண்ணுக்குள்ளும் முட்டை உண்டு, அதற்குள்ளும் ஒருத்தி உண்டு; இப்படியே பின்னால் போனால் ஏவாளின் வயிற்றில் நீங்களும் நானும் எதிர்வீட்டுக்காரரும் உட்பட மனித குலம் மொத்தமும் அடுக்கடுக்காகப் பொதிந்து கிடந்திருக்க வேண்டும். 1740-ல் ஜெனீவாவின் சார்ல் பொன்னே, செடிப்பேன் ஒன்று ஆண் வாடையே படாமல் குட்டி போடுவதைக் கண்டுபிடித்ததும் முட்டைக் கட்சி பட்டாசு வெடிக்காத குறை. விந்துக் கட்சிக்கு வேறு தலைவலி. ஒவ்வொரு தடவையும் கோடிக்கணக்கான குட்டி மனிதர்கள் வீணாகப் போகிறார்களே, படைத்தவன் இவ்வளவு ஊதாரியா?

இந்தக் கொள்கையில் ஒரு பெரிய சௌகரியம், யாரும் எங்கேயும் நகர வேண்டாம். தலை தலை இடத்தில், கால் கால் இடத்தில். ஊதிப் பெரிதாவது ஒன்றுதான் பாக்கி.

நிஜத்தில் உள்ளே குட்டியாக யாரும் இல்லை. தவளையின் கருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் மில்லிமீட்டர் உருண்டை. மேலே கருப்பு, கீழே வெளுப்பு, அவ்வளவுதான் அடையாளம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தலை எது, வால் எது, முதுகு எது, வயிறு எது என்று தெரிகிற நீள உடம்பு. இடையில் சாப்பிட்டு வளரவும் இல்லை, ஆரம்பத்தில் இருந்த அதே சரக்குதான். உருண்டை எப்படி நீண்டது?

இந்தக் கேள்விக்கு மேதைகள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன பதில்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே வியாதிதான் தெரிகிறது. உள்ளே எங்கேயோ ஒரு பெரிய மனுஷன் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறான், அவனைப் பிடித்துவிட்டால் போதும் என்கிற வியாதி. வேலை செய்கிற கூட்டத்தைப் பார்க்கப் பலருக்கு நேரமில்லை. பார்த்தவர்களைக் கேலி பேசி உட்கார வைத்தார்கள்.

முதலில் உட்கார வைக்கப்பட்டவர் காஸ்பர் ஃபிரீட்ரிஷ் வோல்ஃப். 1759-ல் இருபதுகளில் இருந்த பையன். அடைக்கு வைத்த கோழி முட்டைகளை உடைத்து உடைத்துப் பார்த்து, உள்ளே குட்டிக் கோழி எதுவும் கிடையாது, ஒவ்வொன்றும் புதிதாகத்தான் உருவாகிறது என்று எழுதினார். பத்து வருஷம் கழித்து இன்னும் ஒரு படி மேலே போய், குடல் முதலில் தட்டையான ஓர் ஏடாகத்தான் இருக்கிறது, அது மடிந்து குழாயாகிறது என்று காட்டினார். உடலின் ஒரு பகுதி நகர்ந்து, மடங்கி, வடிவம் எடுப்பதை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. அக்காலத்தின் மகா பண்டிதர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் ஒத்துக்கொள்ளவில்லை. குடல் முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதால் உன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பெர்லினில் வேலை கிடைக்காத வோல்ஃப் 1767-ல் ரஷ்ய ராணி கேத்தரினின் அழைப்பில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்து, அங்கேயே 1794-ல் காலமானார். லத்தீனில் இருந்த அந்தக் குடல் ஆராய்ச்சி ஜெர்மனில் வந்தது 1812-ல். ஆனால் வோல்ஃபும் கடைசியில் வியாதிக்குத் தப்பவில்லை. இதையெல்லாம் நடத்துவது எது என்று கேட்டபோது, ஏதோ ஓர் 'அடிப்படைச் சக்தி' என்று சொல்லிவிட்டார்.

1817-ல் கிறிஸ்டியன் பாண்டர் வந்தார். இவரிடம் மேதைமையோடு இன்னொன்றும் இருந்தது: அப்பாவின் பணம். ரீகா நகரத்துப் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. அவருடைய நண்பர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயருக்கும் அதே ஆராய்ச்சி செய்ய ஆசைதான். ஆனால் முட்டைக்கும், ராத்திரி பகல் அடைப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும், படம் வரைகிறவருக்கும் காசு யார் தருவது? நீ செய் என்று பாண்டரிடம் தள்ளிவிட்டார். வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் பாண்டர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை உடைத்தார். அடைக்கு வைத்த முட்டை ஆம்லெட்டுக்கும் ஆகாது. அந்தக் குவியலிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு கண்டுபிடிப்பு, ஆனால் பெரியது: கோழிக்கரு ஆரம்பத்தில் மூன்று ஏடுகளாக இருக்கிறது, அந்த ஏடுகள் மடிந்தும் வளைந்தும்தான் உறுப்புகளாகின்றன. அதோடு முட்டை சகவாசத்தை விட்டுவிட்டுப் பிற்காலத்தில் புதைபடிவங்கள் பக்கம் போய்விட்டார். பேயர் பின்னாளில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1827-ல் பாலூட்டியின் முட்டையையே கண்டுபிடித்தார். அது ஒரு நாயின் சினைப்பையில் இருந்தது. நாய் அவருடைய மேலதிகாரி பூர்டாஹ் வீட்டில் வளர்ந்தது. மேலதிகாரிகளுக்கு அந்தக் காலத்தில் இப்படியும் சில கடமைகள் இருந்தன.

இனி வருவது நல்ல தெருச்சண்டை, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு பக்கம் லைப்சிக் நகரத்தின் வில்ஹெல்ம் ஹிஸ். கருவை மெல்லிய சீவல்களாக அறுக்கக் கருவி செய்து, ஒவ்வொரு சீவலையும் படமாக்கி, மறுபடி அடுக்கிப் பார்த்த பொறுமைசாலி. அவருக்கு ஒரு சந்தேகம்: ஓர் ஏடு ஒரு இடத்தில் அதிகமாகவும் இன்னொரு இடத்தில் குறைவாகவும் வளர்ந்தால் மடிந்துதானே ஆக வேண்டும்? ரப்பர் குழாயை எடுத்தார், கீறினார், வளைத்தார். ஆரம்பகால மூளையில் தெரிகிற அதே வளைவுகள், அதே புடைப்புகள் வந்தன. 1874-ல் இதையெல்லாம் சகோதரி மகனுக்கு எழுதிய கடிதங்களாகப் புத்தகம் போட்டார். அந்த மருமகன் ஃபிரீட்ரிஷ் மீஷர், டி.என்.ஏ.வை முதலில் பிரித்தெடுத்தவர். சில குடும்பங்களில் கடிதப் போக்குவரத்தே அப்படி.

மறு பக்கம் யேனா நகரத்தின் எர்ன்ஸ்ட் ஹெக்கல். டார்வினின் ஜெர்மன் பிரச்சார பீரங்கி. கரு வளரும்போது தன் மூதாதைகளின் சரித்திரத்தைத் திரும்ப நடித்துக் காட்டுகிறது என்பது அவர் கட்சி. எல்லா விலங்குகளின் ஆதி மூதாதையும் ஒரு வயிறும் ஒரு வாயும் மட்டும் கொண்ட பை என்று சொல்லி, கருவில் அந்தக் கட்டத்துக்கு 1872-ல் 'கேஸ்ட்ருலா' என்று பெயரும் வைத்தார். ஆக, கரு ஏன் மடங்குகிறது? முப்பாட்டன் மடங்கினான், அதனால். கேள்வி முடிந்தது. இந்த நேரத்தில் ஒருவர் ரப்பர் குழாயோடு வந்து நின்றால் கோபம் வராதா? 'ரப்பர் குழாய்க் கோட்பாடு', 'தபால் உறைக் கோட்பாடு' என்றெல்லாம் பட்டப்பெயர் வைத்து ஹிஸ்ஸைக் கிழித்தார் ஹெக்கல்.

ஹிஸ் பதிலுக்கு ஹெக்கலின் படங்களைக் கையில் எடுத்தார். அங்கே சரக்குக்குப் பஞ்சமில்லை. 1868-ல் ஹெக்கல் வெளியிட்ட புத்தகத்தில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருக்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. மூன்றுக்கும் வித்தியாசம் தெரிகிறதா பாருங்கள் என்று வாசகரை அழைத்திருந்தார். யாருக்கும் தெரியவில்லை. தெரியாதுதான், ஒரே மரக்கட்டையை மூன்று தடவை அச்சடித்திருந்தார்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர் பாசல் நகரத்தின் ரூட்டிமேயர். ஆனாலும் சண்டையில் ஊர் பார்த்தது ஹெக்கலைத்தான். ரப்பர் குழாய் பரணில் ஏறியது. கரு உருண்டையிலிருந்து உடம்பாகும் அந்தச் சம்பவத்தை இன்றைக்கும் உலகம் முழுவதும் 'கேஸ்ட்ருலேஷன்' என்று ஹெக்கல் வைத்த பெயரிலேயே அழைக்கிறோம்.

அடுத்து வில்ஹெல்ம் ரூ. 1888-ல் பிரெஸ்லாவ் நகரத்தில், இரண்டு செல்லாகப் பிரிந்த தவளைக் கருவில் ஒன்றைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மீதி செல் பாதி உடம்பாக வளர்ந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் அதனதன் பங்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று முடிவு கட்டினார். 1891-ல் ட்ரியெஸ்டில் ஹான்ஸ் ட்ரீஷ் அதையே கடல் முள்ளெலிக் கருவில் செய்து பார்த்தார். இவர் குத்தவில்லை; இரண்டு செல்லும் பிரிகிற வரை குழாயைக் குலுக்கினார். பாதி ஜந்து கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் தூங்கப் போனார். காலையில் வந்தால் முழு ஜந்து நீந்திக்கொண்டிருக்கிறது, அளவு மட்டும் சின்னது. ரூ விட்ட ஓட்டை, செத்த பாதியை அப்படியே ஒட்ட விட்டதுதான். ஒரு பிணத்தோடு ஒட்டிக்கொண்டு யாரும் முழுசாக வளர முடியாது. ஆனால் ட்ரீஷ் மிரண்டுபோனார். எந்த இயந்திரத்தைப் பாதியாக அறுத்தாலும் இரண்டு முழு இயந்திரம் வராதே? அப்படியென்றால் உள்ளே இயந்திரத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ இருக்கிறது என்று அரிஸ்டாட்டிலிடமிருந்து 'என்டெலெக்கி' என்ற சொல்லைக் கடன் வாங்கி அதன் தலையில் கிரீடம் வைத்தார். பிறகு தத்துவப் பேராசிரியரானார். 1926-ல் ஆவி, அமானுஷ்யம் ஆராய்கிற லண்டன் சங்கத்துக்குத் தலைவரானார். கடல் முள்ளெலியில் ஆரம்பித்து அங்கே போய் முடிவது கொஞ்சம் நீண்ட பயணம்தான்.

அதற்குள் ஃப்ரைபர்க் நகரத்தில் ஹான்ஸ் ஷ்பேமான் கடை விரித்திருந்தார். கருவை அறுக்க, கட்ட, இறுக்க அவர் பயன்படுத்திய சாமான்களைப் பார்த்தால் யாரும் ஆய்வுக்கூடம் என்று நம்பமாட்டார்கள். கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்துச் செய்த ஊசி. கைக்குழந்தையின் தலைமுடியில் ஒரு சுருக்கு. இந்த வித்தையில் இறங்கியவர்கள் இன்றைக்கும் தங்கள் புருவத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, கண்ணாடிக் குழாயின் முனையில் மெழுகு வைத்து ஒட்டி, கத்தியாக வைத்துக்கொள்கிறார்கள். தலைமுடியை விட அது விறைப்பாக இருக்கும், நுனி ஊசியாக முடியும்.

ஷ்பேமானிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் ஹில்டெ புரோஷோல்ட். கல்யாணத்துக்குப் பின் ஹில்டெ மாங்கோல்ட். முதலில் அவருக்குக் கொடுத்த வேலை, ஹைட்ரா என்ற குளத்து உயிரியை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் செய்ததாகச் சொல்லியிருந்தார். ஹைட்ரா ஒத்துழைக்கவில்லை. பட்டம் கைநழுவும் நேரத்தில் பேராசிரியர் தலைப்பை மாற்றினார். அப்படி மாற்றாகக் கிடைத்த தலைப்புதான் அந்தக் காலத்துக் கருவியலின் ஒரே நோபலைக் கொண்டுவரப் போகிறது என்று அப்போது யாரும் பந்தயம் கட்டியிருக்கமாட்டார்கள்.

சோதனை இதுதான். தவளையின் வாலுள்ள உறவினரான நியூட்டின் கரு கேஸ்ட்ருலேஷன் தொடங்கும்போது அதன் ஒரு பக்கத்தில் சின்ன பிளவு விழும். அதன் மேல் உதடு வழியாகச் செல்கள் வெளியிலிருந்து உள்ளே உருண்டு போகும். ஹில்டெ வெளுத்த இன நியூட்டிலிருந்து அந்த மேல் உதட்டுத் துணுக்கை அறுத்து, கருத்த இன நியூட்டின் வயிற்றுப் பக்கத்தில் வைத்தார். யாருடைய செல் எங்கே போயிற்று என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். நியூட் வசந்த காலத்தில் மட்டும்தான் முட்டையிடும். ஆன்டிபயாடிக் மருந்துகள் வராத காலம், அறுத்த கருக்களில் பெரும்பாலானவை செத்தன. கட்டுரையில் விவரமாக வந்தவை ஐந்தாறுதான். ஆனால் அந்த ஐந்தாறும் போதுமானதாக இருந்தன. வயிற்றுப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு முதுகு எழுந்தது. முதுகுநாண், நரம்புக்குழாய் எல்லாம் வைத்த இன்னொரு உடலச்சு. அதில் வெளுத்த செல்கள் கொஞ்சம்; மீதியெல்லாம் அந்த வீட்டுக்காரச் செல்கள், வயிறாக வேண்டியவை, முதுகாகிவிட்டன.

கட்டுரை 1924-ல் வந்தது. ஆய்வேட்டிலிருந்து வந்த கட்டுரை அது. ஷ்பேமான் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். அதில் ஹில்டெவுக்கு வருத்தம் இருந்தது. அதே வருஷம் செப்டம்பரில் வீட்டில் அடுப்பு வெடித்துத் தீக்காயங்களால் ஹில்டெ இறந்தார். கையில் குழந்தை, வயது இருபத்தைந்து. 1935-ல் ஷ்பேமானுக்கு நோபல் கிடைத்தது.

அந்த உதட்டுத் துணுக்குக்கு ஷ்பேமான் வைத்த பெயர் 'ஆர்கனைசர்'. இப்படிப் பெயர் வைத்தால் என்ன ஆகும்? இருநூறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த தலைவன் அகப்பட்டுவிட்டான் என்று உலகமே அங்கே திரண்டது. அவன் வாயிலிருந்து வருகிற உத்தரவு என்ன ரசாயனம் என்று கண்டுபிடிக்க ஜெர்மனியிலும் கேம்பிரிட்ஜிலும் போட்டி. 1932-ல் ஷ்பேமான் வட்டாரத்திலிருந்தே குண்டு விழுந்தது: ஆர்கனைசரைச் சூடாக்கிக் கொன்ற பிறகும் வைத்துப் பார்த்தார்கள், செத்த தலைவரும் உத்தரவு போட்டார். கட்சித் தொண்டர்களுக்கு இது அதிசயமாக இருக்காது, விஞ்ஞானிகளுக்கு இருந்தது. யோஹானஸ் ஹோல்ட்ஃப்ரேட்டர் பல விலங்குகளின் ஈரல், சிறுநீரகம் என்று கைக்கு வந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தார். பலதும் வேலை செய்தன. 1936-ல் கேம்பிரிட்ஜ்காரர்கள் மெத்திலீன் நீலம் என்ற வெறும் சாயத்தை வைத்தார்கள். அதுவும் நரம்புத் திசுவை எழுப்பியது. சாயமே தலைவராகலாம் என்றால் அப்புறம் யார்தான் ஆகமுடியாது? கூட்டம் மெல்லக் கலைந்தது.

உத்தரவின் ரகசியம் உடைய 1990-கள் வர வேண்டியிருந்தது. 1992-ல் நாகின், 1994-ல் கார்டின் என்று ஆர்கனைசர் சுரக்கும் புரதங்கள் பிடிபட்டன. அவை என்ன சொல்கின்றன? முதுகாகு, மூளையாகு என்று எதுவும் சொல்லவில்லை. வயிற்றுப் பக்கத்திலிருந்து 'தோலாகு' என்று சொல்லிக்கொண்டு வரும் பி.எம்.பி. என்ற சமிக்ஞையைக் காதில் விழாமல் தடுக்கின்றன, அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லாமல் விட்டால் செல்கள் தாமாகவே நரம்பாகிவிடும். இவ்வளவு பெரிய தலைவரின் ஒரே கட்டளை, அந்தப் பக்கம் பேசுகிறவன் பேச்சைக் கேட்காதே என்பது.

இத்தனை அமளியிலும் ஒரு சின்ன விஷயம் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆர்கனைசர் என்ன சொல்கிறது என்று இவ்வளவு பேர் ஒட்டுக்கேட்டார்களே, அது என்ன செய்கிறது? கண்ணெதிரே அது உள்ளே உருண்டு போய், குறுகி, நீண்டது. முதுகு நீளமாக இருப்பதற்கு அந்த நீட்சிதான் காரணம்.

இதை ஒழுங்காகப் பார்த்தவர் மியூனிக்கின் வால்டர் ஃபோக்ட். அகர் துண்டுகளை நீலச் சாயத்திலும் சிவப்புச் சாயத்திலும் ஊறவைத்து, நியூட் கருவின் மேல் ஒத்தி ஒத்திப் பொட்டு வைத்தார். பிறகு ஒவ்வொரு பொட்டும் எங்கே போகிறது என்று காவல் இருந்தார். முதுகுப் பக்கத்தில் வைத்த வட்டப் பொட்டு, நாள் முடிவதற்குள் நீளக் கோடாகியிருந்தது. 1929-ல் இதை முந்நூறு பக்கத்துக்கும் மேலாக ஒரே கட்டுரையாக வெளியிட்டார். கருவில் எந்த இடம் எந்த உறுப்பாகப் போகிறது என்ற வரைபடம் அதில்தான் வந்தது. நோபல் கமிட்டிக்கு அவ்வளவு பக்கம் படிக்கப் பொறுமை இருந்திருக்குமா என்பது என் சந்தேகம். அதே சமயத்தில் யேனாவில் லுட்விக் கிரேப்பர் கோழிக்கருவைச் சினிமா எடுத்தார். தட்டையான தட்டில் இடமும் வலமும் செல்கள் சுழன்று வந்து நடுவில் சேருவதைப் பார்த்து, போலந்து நாட்டு நடனமான 'போலனேஸ்' என்று பெயர் வைத்தார். ஜோடி ஜோடியாகச் சுற்றி வந்து வரிசை கட்டுகிற நடனம்.

1933-ல் ஹோல்ட்ஃப்ரேட்டர் செய்ததுதான் நல்ல குறும்பு. கருவை உப்புக் கரைசலில் போட்டார். உள்ளே போக வேண்டிய செல்களெல்லாம் திசை மாறி வெளியே போய்விட்டன. மேல்தோல் மட்டும் சுருங்கிப்போன காலிப் பையாக ஒரு மூலையில். உள்ளே போக வழியே இல்லாத நிலையிலும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தத் திசு தன் பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. யாரும் அதைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. இதைக் கண்டுபிடித்த மனிதரையோ எல்லோரும் தள்ளினார்கள். 1939-ல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போனார். போர் வந்ததும் எதிரி நாட்டான் என்று பிடித்துக் கனடா முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து வெளியே வந்து மறுபடி கருவைப் பார்க்க உட்கார்ந்தபோது அவருக்கும் அந்தப் பழைய வியாதி கொஞ்சம் தொற்றிக்கொண்டது. பிளவின் வாயில் முன்னால் நிற்கும் குப்பி வடிவச் செல்கள்தான் மற்றவர்களை உள்ளே இழுத்துப் போகின்றன என்றார். மறுபடியும் ஒரு முன்னணித் தலைவர்.

அதற்குப் பதில் வந்தது வேறு ஒரு தவளையிடமிருந்து. தென்னாப்பிரிக்காவின் செனோபஸ் தவளை உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் குடியேறியதற்குக் காரணம் கருவியல் இல்லை, கர்ப்பம். 1930-களில் விலங்கியலாளர் லான்சலட் ஹாக்பென் வழியாகவும் கேப் டவுன்காரர்கள் வழியாகவும் ஒரு விஷயம் பரவியது: கர்ப்பிணியின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசி போட்டால் மறுநாள் காலைக்குள் அது முட்டையிடும். ஆஸ்பத்திரிகள் தவளை வளர்த்தன. வேறு சோதனைகள் வந்ததும் தவளைகளுக்கு வேலை போயிற்று; ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டால் வருஷம் முழுக்க முட்டை, வசந்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

பெர்க்லியில் ரே கெல்லர் அந்தத் தவளையோடு உட்கார்ந்தார். 1981-ல் குப்பிச் செல்களை அறுத்து எடுத்துவிட்டுப் பார்த்தார். கேஸ்ட்ருலேஷன் ஏறக்குறைய வழக்கம் போலவே நடந்தது. தலைவர் இல்லாதது ஊர்வலத்துக்குத் தெரியவே இல்லை. அடுத்து, முதுகுப் பக்கத் திசுவை இரண்டு கருக்களிலிருந்து புருவ முடிக் கத்தியால் அறுத்து, உள்பக்கத்தோடு உள்பக்கம் வைத்து ஒட்டி, மேலே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து, உப்புத் தண்ணீரில் தனியே விட்டார். கரு இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. சில மணி நேரத்தில் அந்த அகலத் துண்டு குறுகி, விரல் போல நீட்டிக்கொண்டு நின்றது.

எப்படி? கோவில் மண்டபத்தில் அகலமாக நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சன்னதி பக்கம் போகப் போக, பக்கத்து ஆள்கள் பக்கவாட்டில் இடித்துக்கொண்டு நம் முன்னாலும் பின்னாலும் நுழைகிறார்கள். பத்துப் பேர் அகலம் இரண்டு பேர் அகலமாகிறது. வரிசை ராஜகோபுரத்தைத் தாண்டி நீள்கிறது. ஒரு ஆள் கூட உயரவில்லை, கூட்டம்தான் நீண்டது. கருவில் நடப்பது இதேதான், கம்பித் தடுப்பும் இல்லை, கத்துகிற காவலரும் இல்லை. 1992-ல் கெல்லரும் அவர் கூட்டாளி ஷியும் வீடியோவில் காட்டினார்கள்: ஒவ்வொரு செல்லும் முதுகின் குறுக்காக நீண்டு படுத்து, இடது பக்கம் ஒரு கை, வலது பக்கம் ஒரு கை நீட்டி, பக்கத்துச் செல்களைப் பிடித்து இழுத்து நடுவில் நுழைகிறது. எல்லோரும் குறுக்கே இழுக்க, மொத்தமும் நெடுக்கே நீள்கிறது. இந்தச் செல்களில் எதுவும் தலை எங்கே, வால் எங்கே என்று பார்த்து அந்தத் திசையில் நடக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டியதுதான் அவற்றின் மொத்தப் பங்களிப்பு.

பழ ஈயின் கருவில் செல்களுக்கு வேறு வழியும் உண்டு. ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் விளிம்புகளில் சிலவற்றைச் சுருக்கியும் இடம் மாறிக்கொள்கின்றன என்று பின்னர் தெரிந்தது. உடம்பு நீள்வது ஒன்று, வழிகள் வேறு வேறு.

அப்படியானால் குறுக்கு எது என்று செல்லுக்கு யார் சொன்னது? இந்தத் தடயத்தைக் கொடுத்ததும் பழ ஈதான். ஈயின் இறக்கையில் ரோமங்கள் ஒரே பக்கம் படிந்திருக்கும். சில மரபணுக்கள் கெட்டால் கண்டபடி சிலிர்த்துக்கொள்ளும். அவற்றுக்கு டிஷெவல்ட், ஃப்ரிஸில்ட், ப்ரிக்கிள் என்று சிகையலங்காரக் கடைப் பெயர்கள். ரோமம் சுழித்துக்கொண்டதைப் பார்த்து ஒன்றுக்கு வான் கோ என்றே வைத்தார்கள். 2000-ல் ஜான் வாலிங்ஃபோர்டும் கூட்டாளிகளும் தவளைக் கருவில் டிஷெவல்ட் மரபணுவின் வேலையைக் கெடுத்தார்கள். செல்களுக்குக் குறுக்கு நெடுக்கு மறந்துபோயிற்று. கைகள் எல்லாத் திசையிலும் நீண்டன, கரு நீளவே இல்லை. கட்டையாக, அகலமாக நின்றுவிட்டது. அகலம் குறையாததால் நரம்புக்குழாயின் இரண்டு கரைகளும் எழுந்து வந்தும் ஒன்றையொன்று எட்டவில்லை. குழாய் மூடாமல் திறந்தே கிடந்தது. மனிதக் குழந்தைகளில் சிலருக்கு நரம்புக்குழாய் மூடாமல் பிறப்பதற்கும் இதே குடும்பத்து மரபணுக்களில் வரும் பிழைகளுக்கும் தொடர்பு இருப்பது பின்னால் தெரிந்தது. ஹிஸ்ஸின் ரப்பர் குழாயைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியிருக்கலாம்.

லண்டனின் உயிரியலாளர் லூயிஸ் வோல்பர்ட், ஒருவர் வாழ்க்கையில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் விட முக்கியமானது கேஸ்ட்ருலேஷன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மூன்றுக்கும் நாம் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். நான்காவது, கரு உண்டான பதினைந்தாம் நாள் வாக்கில் ஆரம்பிக்கிறது. அம்மாவுக்கே அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருக்கிறதோ என்று சந்தேகம் வரும். ஆய்வுக்கூடத்தில் மனிதக் கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று 1984-ல் பிரிட்டனின் வார்னக் அறிக்கை சொன்னது. திரை விலகுகிற நேரத்தில் எல்லோரையும் கொட்டகையிலிருந்து வெளியேற்றிவிடுகிற ஏற்பாடு. 2021-ல் ஸ்டெம் செல் ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியது.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். 2014-ல் கேம்பிரிட்ஜில் அல்ஃபோன்சோ மார்டினெஸ் அரியாஸின் குழு, சுண்டெலியின் ஸ்டெம் செல்கள் சில நூறை ஒரு குழியில் உருண்டையாகச் சேர விட்டது. முட்டை கிடையாது, கர்ப்பப்பை கிடையாது, உதட்டுத் துணுக்கு எதுவும் ஒட்டி வைக்கவில்லை. நடுவில் ஒரு நாள் ஒரு ரசாயனத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் உருண்டை நீண்டிருந்தது. முன் பின் தெரிந்தது. 2020-ல் அதையே கொஞ்சம் ஜெல்லில் வைத்தபோது, முதுகெலும்புக்கு அச்சாரமான கட்டைகள் இரண்டு பக்கமும் வரிசையாக எழுந்தன. வால் பக்கம் திருத்தமாக இருந்தது. தலை மட்டும் வரவில்லை. அது இல்லாமலேயே மீதி எல்லாம் நீண்டுகொண்டிருந்தது.